பாப்பாவுக்கு, அம்மாவிடமிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு இடது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து விட்டுக்கொள்ளத்தான் அடம் பிடிக்கிறார். மாடியை அந்த பேங்க்காரருக்கே விட்டாயிற்று. மற்றதெல்லாம் அப்புறம் சொல்கிறேன். நீ ஒழுங்காகத் தூங்குகிறாயா? ஃபோனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்காதே.

வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில்தான் இல்லை. அப்பா "வேலையாக இருப்பாள், விடு" என்கிறார். அரை மணி கழித்து அவரே வந்து "எதற்கும் இன்னொரு தடவை கூப்பிட்டுப் பாரேன்" என்கிறார். ஃபோனில் கிடைத்தால் நான் கேட்கக் கூடாத எதையாவது கேட்டுத் தொலைப்பேன். அதனால்தான் கடிதம்.

இத்தனை வருஷம் வகுப்பில் நான் நடத்திய பாடமே இதுதான். ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூன்று பேரும் 1985இல் வெளியிட்ட நிரூபணம் உனக்கு மனப்பாடம். செய்தி எப்போது போய்ச் சேரும் என்று உறுதியில்லாத வலையமைப்பில் ஒரே ஒரு கணினி நின்றுபோகக்கூடும் என்றாலே போதும்; தற்செயலின் துணை இல்லாமல், மீதி எல்லாம் கட்டாயம் ஒரு முடிவுக்கு வந்தே தீரும் என்று உத்தரவாதம் தர எந்த முறையாலும் முடியாது. பதில் சொல்லாத கணினி மெதுவாக இருக்கிறதா, செத்துவிட்டதா என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. இவ்வளவு நேரம்தான் காத்திருப்பது என்று டைம்அவுட் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது ஊகம்தான். பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள். "மேடம், கொஞ்சம் கூடுதல் நேரம் காத்திருந்தால் தெரிந்துவிடாதா?" என்று வருஷா வருஷம் ஒருவராவது கேட்பார்கள். தெரியாது என்று போர்டில் எழுதிக் காட்டிய எனக்கே இப்போது மனசு கேட்கவில்லை.

சரி, நான் சொல்ல வந்தது, நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப் விவகாரம். உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் என் வாயால் ஒருமுறை கேள்.

2018 அக்டோபர் 21. அமெரிக்கக் கிழக்குக் கரையில் பழுதான 100ஜி ஒளியிழைக் கருவி ஒன்றை மாற்றுகிறார்கள். வழக்கமான பராமரிப்பு வேலை. அதில் அங்குள்ள நெட்வொர்க் மையத்துக்கும் கிழக்கு டேட்டா சென்டருக்கும் நடுவே 43 விநாடி தொடர்பு அறுந்துபோனது. எந்த டேட்டாபேஸ் தலைமை, அதாவது புதுப் பதிவுகளை எதில் எழுதுவது, என்று பார்த்துக்கொள்வது ஆர்க்கெஸ்ட்ரேட்டர் என்ற மென்பொருள். அது ராஃப்ட் மேல் கட்டியது; பல சர்வர்கள் பெரும்பான்மை வாக்கால் ஒரு தலைமையைத் தேர்ந்து ஒத்துப்போகும் முறைதான் ராஃப்ட். மேற்குக் கரையில் இருந்த ஆர்க்கெஸ்ட்ரேட்டர் சர்வர்களும் கிழக்கே பொது கிளவுடில் இருந்தவையும் சேர்ந்து பெரும்பான்மை ஆகி, மேற்கைத் தலைமையாக்கிவிட்டன. விதிப்படி அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் கிழக்கில் கடைசி சில விநாடிகளில் எழுதியவை மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. மேற்கில் அதற்குப் பிறகு எழுதியவை கிழக்கில் இல்லை. தொடர்பு திரும்பி வந்தும் பழையபடி மாற்ற வழியில்லை. பரபரப்பான ஒரு டேட்டாபேஸ் தொகுதியில் மட்டும் அப்படிச் சிக்கிய பதிவுகள் 954.

அப்போது பணியில் இருந்தவர்களை நினைத்துப் பார். சேவை தாமதமானாலும் பரவாயில்லை, பயனர் எழுதியது ஒன்றுகூடத் தொலையக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். பிற சேவைகளுக்குத் தானாகத் தகவல் அனுப்பும் வெப்ஹூக்கையும், பயனர்களின் இணையதளங்களைக் கட்டும் பேஜஸ் வேலையையும் வேண்டுமென்றே நிறுத்தினார்கள். பல டெராபைட் பேக்கப்பை இறக்கி, சரிபார்த்து, ஏற்றி, சேவை முழுசாகப் பழைய நிலைக்கு வர 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. உலகமே திட்டியிருக்கும். பிறகு வந்த அறிக்கையை நான் வகுப்பில் முழுசாக வாசித்தேன். எந்த நிமிடத்தில் என்ன நடந்தது, எது ஏன் நேரம் எடுத்தது, இனி எதை மாற்றப் போகிறோம், எல்லாம் இருக்கிறது. இன்னாரால் வந்தது என்று ஒரு பெயர் இல்லை.

நல்ல இடத்தில் அப்படித்தான் எழுதுவார்கள் பாப்பா. அப்படி எழுதாத இடமாக இருந்தால் அந்த இடத்தைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

பாதிக்கு மேல் மிஞ்ச வேண்டும் என்பதால், மூன்று சர்வர் வைத்தால் ஒன்று போகலாம், ஐந்து வைத்தால் இரண்டு போகலாம். நாலு வைத்தாலும் ஒன்றுதான் போகலாம் என்று நீ காலேஜ் இரண்டாம் வருஷத்திலேயே கணக்குப் போட்டுச் சொன்னாய். எந்தக் கணினியும் எப்போதும் விழாமல் இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. இவ்வளவு கவனமாகக் கணக்குப் போடுகிறவர்கள் ராத்திரி டியூட்டிக்கு மட்டும் ஒற்றை ஆளை வைத்து, அவள் கண்ணயரவே கூடாது என்று எப்படி நினைக்கிறார்கள்? எனக்குப் பொறுக்கவில்லை. உன் மேல் எனக்குப் பெருமைதான். எங்கே சிக்கல் என்றாலும் உன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று பூக்காரம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் எல்லாரும் உன்னையே கூப்பிடுகிறார்கள் என்றால் அது உன் திறமை மட்டும் இல்லை, அவர்கள் அமைப்பில் உள்ள ஓட்டையும்தான். இன்னொருத்தரைப் பழக்கிவிடு. போன தடவையும் சொன்னேன், கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, ரசம் வைத்தாவது சாப்பிடு.

நீ தனியாகச் சமாளிக்கிற ஜாதியாக எப்போது ஆனாய்? நாங்கள் பார்த்த பெண் அப்படி இல்லையே. நடுவில் ஒருவர் பொய் சொன்னாலும் மற்றவர்கள் ஒரே முடிவுக்கு வருவது எப்படி என்கிற பைசாண்டைன் தளபதிகள் கணக்கைப் படித்துவிட்டு வந்த அன்று என்னையும் அப்பாவையும் அண்ணனையும் கூடத்தில் உட்காரவைத்தாயே. ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. அப்பா தளபதி, ஒருத்தர் பொய் சொல்ல வேண்டும். எனக்கு அப்பா "தாக்கு" என்றார், அண்ணன் "அப்பா என்னிடம் பின்வாங்கச் சொன்னார்" என்றான். புளுகுவது அப்பாவா அண்ணனா என்று கடைசிவரை என்னால் சொல்ல முடியவில்லை. நீ ஓடிப்போய்ப் பெரியப்பாவை முண்டா பனியனோடு இழுத்துக்கொண்டு வந்தாய். நாலாவது ஆள் வந்ததும் கணக்கு நேரானது. லாம்போர்ட், ஷாஸ்டாக், பீஸ் மூன்று பேரும் 1982இல் எழுதியதைப் பெரியப்பாவுக்கே புரியவைத்தவள் நீ! அது விமானத்தில் வைக்கும் கணினிக்காகத் தொடங்கிய ஆராய்ச்சி என்றதும் அவர் வாயைப் பிளந்துவிட்டார். ஆள் போதவில்லை என்றால் ஆளைக் கூப்பிடத் தெரிந்த பிள்ளை.

ராஃப்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது தேர்தல் இல்லை, விழுந்த சர்வர் திரும்பி வரும் விதம். பழைய தலைமையே திரும்பி வந்தாலும், தன்னுடையதைவிடப் பெரிய பருவ எண்ணை, அதாவது ஒவ்வொரு தேர்தலுக்கும் ஏறும் எண்ணை, பார்த்த உடனே பேசாமல் ஒதுங்கி மற்றவற்றோடு நிற்கும். ஏன் போனாய் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு பேருடைய லாகும், அதாவது பதிவு வரிசையும், கடைசியாக எந்த இடத்தில் ஒத்துப்போகிறது என்று புதுத் தலைமை ஒவ்வோர் அடியாகப் பின்னால் போய்ப் பார்க்கும், அங்கிருந்து விட்டதையெல்லாம் கொடுக்கும். ரொம்பப் பின்தங்கியிருந்தால் அப்போதைய நிலையின் முழு நகலான ஸ்நாப்ஷாட்டையே மொத்தமாக அனுப்பிவிடும். விழுந்த சர்வர் பதில் சொல்லாமல் இருந்த நேரமெல்லாம் தலைமை ஓயாமல் அனுப்பிக்கொண்டேதான் இருந்திருக்கும்.

இங்கே வந்து கொஞ்ச நாள் இரேன். உன் அறையை அப்படியேதான் வைத்திருக்கிறோம். வேலை இருந்தாலும் வா, இல்லாவிட்டாலும் வா. டிக்கெட்டுக்குப் பணம் வேண்டுமென்றால் அண்ணனிடம் கேட்காதே, என்னிடம் கேள்.

இப்போதைக்குப் பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம். ராஃப்டில் தலைமை 'நான் இருக்கிறேன்' என்று காட்ட அனுப்பும் ஹார்ட்பீட்டுக்குள் ஒன்றும் இருக்காதே, அந்த மாதிரி ஒரு புள்ளி வைத்து அனுப்பு. அப்பா அதற்கே போய்ப் படுத்துவிடுவார்.

பெரியம்மா பொண்ணு தானாக எதையும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி டியூட்டியில் யார் இருந்தது என்று நான்தான் துருவித் துருவிக் கேட்டு வாங்கினேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

இப்படிக்கு,
அம்மா