திரைப்பட வட்டத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இந்தப் பொதுக்குழுவுக்கு நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர் குடும்பங்களுக்கும் வணக்கம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் டென்வரின் தெற்குப் புறநகர்களில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் நம் வட்டத்தின் ஓராண்டுப் பணிகளை உங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

செயற்குழு விதிப்படி காலாண்டுக்கு ஒரு முறை கூடியது. தீபாவளித் திரையிடலும் பொங்கல் திரையிடலும் சிறப்பாக நடந்தன. இரண்டு நாளும் நாற்காலி போதவில்லை. பூங்காவில் நடத்தவிருந்த கோடைத் திரையிடல் ஆலங்கட்டி மழையால் கைவிடப்பட்டது. பிள்ளைகளுக்கான குறும்படப் பயிற்சி தமிழ்ப் பள்ளி விடுமுறையில் நடந்தது. புரொஜெக்டர் விளக்கு மாற்றப்பட்டது.

அப்புறம் ஏப்ரல் மாதத் திரையிடல். இதை விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. வாட்ஸாப் குழுவில் இதைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். அன்று நாம் வாடகைக்கு எடுக்கும் க்ளப்ஹவுஸ் கூடத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர். வராதவர்களுக்கும் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும்.

'மாஸ்' என்ற அமெரிக்கப் படத்தைத் திரையிட்டோம். நடிகர் ஃப்ரான் கிரான்ஸ் எழுதி இயக்கிய முதல் படம். 2021 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்டது. ஒரு பள்ளியில் மாணவன் ஒருவன் சக மாணவர்களைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தானும் செத்துப்போகிறான். சில ஆண்டுகள் கழித்து, அதில் மகனைப் பறிகொடுத்த தம்பதியும், சுட்டவனைப் பெற்ற தம்பதியும் ஒரு தேவாலயத்தின் பின்னறையில் சந்தித்துப் பேசுகிறார்கள். ஏறக்குறைய அதுதான் முழுப் படமும். துப்பாக்கி திரையில் வராது. ரத்தம் வராது. ஃப்ளாஷ்பேக் கிடையாது. நான்கு பேர், ஒரு மேசை, பேச்சு.

ஏன் இந்தப் படம் என்று கேட்டார்கள். பள்ளித் துப்பாக்கிச் சூட்டைப் பற்றிக் காட்ட வேண்டுமென்றால் கஸ் வான் சான்ட்டின் 'எலிஃபன்ட்' இருக்கிறதே, 2003இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கிய படமாயிற்றே என்று செயற்குழுவிலேயே ஒருவர் சொன்னார். நல்ல படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது சம்பவம் நடக்கும் நாளைக் காட்டுகிறது. நான் காட்ட விரும்பியது அதற்குப் பிறகு வரும் ஆண்டுகளை. செய்திக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு அந்த வீடுகளில் என்ன நடக்கிறது என்பதை.

நாம் எங்கே வீடு வாங்கிக் குடியிருக்கிறோம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1999 ஏப்ரல் 20ஆம் தேதி கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் கொல்லப்பட்டார்கள். அந்தப் பள்ளி நம்மில் பலர் வீட்டிலிருந்து அரை மணி நேரக் கார் பயணம்கூட இல்லை. 2019 மே மாதம் ஹைலண்ட்ஸ் ரான்ச்சில் உள்ள ஸ்டெம் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டை நம் உறுப்பினர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பட்டமளிப்புக்குச் சில நாள்களே இருந்த கெண்ட்ரிக் காஸ்டியோ என்ற மாணவர், துப்பாக்கியோடு நின்றவனை நோக்கிப் பாய்ந்து மற்றவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். அன்று பிற்பகல் எத்தனை பேர் அலுவலகத்திலிருந்து போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தோம்!

இந்த ஆண்டு இன்னொரு காரணமும் சேர்ந்தது. கொலம்பைனில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த ஆன் மேரி ஹாக்ஹால்டர் 2025 பிப்ரவரியில் தம் 43ஆம் வயதில் காலமானார். அந்தப் பழைய காயங்களின் விளைவாக வந்த மரணம் என்பதால் அதைக் கொலை என்றே மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். சம்பவம் நடந்து ஏறக்குறைய 26 ஆண்டுகள் ஆன பிறகு! அதே ஆன் மேரி 2016இல், சுட்டவர்களில் ஒருவனின் தாயான சூ க்ளீபோல்டுக்குப் பகிரங்கமாக எழுதி, அவர்மேல் தமக்கு வன்மம் இல்லை என்று சொன்னவர். கொலையாளியின் தாயும் அந்தத் துப்பாக்கிச் சூட்டில் முடமாக்கப்பட்ட பெண்ணும் நம் ஊர்ப் பக்கத்திலேயே வாழ்ந்தார்கள். 'மாஸ்' படத்தின் நான்கு பேரும் யாரோ எங்கோ அல்ல. ஏப்ரலில் இந்தப் படத்தைப் போடாமல் வேறு எதைப் போடுவது?

"நல்ல நாளும் அதுவுமா எதுக்கு இந்த அழுகைப் படம்" என்று ஒருவர் எழுதினார். சித்திரைப் புத்தாண்டு முடிந்த வார இறுதி என்பது உண்மை. ஆனால் தேதியைத் தேர்ந்தெடுத்தது நான் அல்ல, கொலம்பைன் சம்பவம். "வாரம் பூரா வேலை பாத்துட்டு ரிலாக்ஸ் பண்ண வர்றோம்" என்று இன்னொருவர் எழுதினார். அதுவும் நியாயம்தான். ஆண்டில் மற்ற எல்லாத் திரையிடலும் அதற்காகத்தானே நடக்கிறது. ஒரே ஒரு சாயங்காலம் கேட்டேன். "பிள்ளைங்க பயந்துடுவாங்க" என்றும் சிலர் எழுதினார்கள். படத்துக்கு இந்த நாட்டில் பிஜி-13 சான்று. பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர்களை அழைத்து வர வேண்டாம் என்று அழைப்பிலேயே எழுதியிருந்தேன். சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்து அறையில் கேரம் போர்டும் சுண்டலும் ஏற்பாடு செய்திருந்தோம். வருவதாகப் பதிந்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை, தகவலும் இல்லை. சுண்டல் மிஞ்சியதைப் பற்றி நான் வருத்தப்படவில்லை. முதல் வரிசையை விட்டுக் கடைசி வரிசையில் ஒட்டி உட்கார்ந்திருந்த அந்தச் சிறு கூட்டத்தைப் பார்த்தபோதுதான் மனசு கஷ்டமாக இருந்தது.

வந்தவர்கள் 111 நிமிடமும் எழுந்திருக்கவில்லை. படம் தொடங்கும்போது தேவாலயத்தில் வேலை செய்யும் பெண் அந்த அறையைத் தயார் செய்கிறாள். மேசையை எப்படிப் போடுவது, யார் எங்கே உட்காருவது, சாப்பிட என்ன வைப்பது, கண்ணீர் துடைக்கும் காகிதப் பெட்டியை எங்கே வைப்பது. நடுவில் வைத்தால் அழுங்கள் என்று சொல்வது போல ஆகிவிடுமோ என்று யோசிக்கிறார்கள். துக்க வீட்டுக்குள் நுழையும்போது கை கால் எங்கே வைப்பது என்று நாம் தவிக்கிற அதே தவிப்பு. கொலையாளியின் தாய் ஒரு பூங்கொத்து கொண்டு வருகிறாள். மகனை இழந்தவள் அதை வாங்கிக்கொள்கிறாள். அப்புறம் அதை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஜேசன் ஐசக்ஸ், மார்த்தா ப்ளிம்டன், ரீட் பர்னி, ஆன் டௌட் நால்வரும் நடித்ததை எழுத்தில் சொல்லி முடியாது. மகன் இறந்த அந்தக் கடைசி நிமிடங்களைத் தகப்பன் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லும் இடத்தில் நம் கூடத்தில் மூச்சுச் சத்தம் கேட்டது. எல்லாம் பேசி முடித்து, மன்னித்து, கிளம்பிய பிறகு, சுட்டவனின் தாய் மட்டும் திரும்பி வருகிறாள். மகனைப் பார்த்துத் தான் பயந்து அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்ட ஒரு நாளைப் பற்றி, வேறு யாரிடமும் சொல்ல முடியாததை, கொல்லப்பட்டவனின் தாயிடம் சொல்கிறாள். ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பாட்டியம்மாவுக்காக முன்கூட்டியே கதையைத் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தேன். படம் முடிந்ததும் அவர் சொன்னார்: "பெத்தவ வேற யாருகிட்டப் போய்ச் சொல்லுவா? இவளுக்குத்தானே புரியும்." அன்றைய கலந்துரையாடல் முழுவதிலும் இதைவிடச் சரியாக யாரும் பேசவில்லை.

ஃப்ளோரிடாவின் பார்க்லண்ட் பள்ளியில் 2018 பிப்ரவரியில் 17 பேர் கொல்லப்பட்டபோது, ஒரு பெற்றோரின் பேட்டியை வானொலியில் கேட்டு, மேற்கொண்டு ஓட்ட முடியாமல் காரை ஓரமாக நிறுத்தியதாக இயக்குநர் சொல்லியிருக்கிறார். அப்போது அவர் வீட்டிலும் ஒரு சிறு பெண்குழந்தை. அங்கிருந்துதான் இந்தப் படம் பிறந்தது. இதைச் சொல்லித்தான் கலந்துரையாடலைத் தொடங்கினேன்.

யாரும் பேசவில்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் நம் உறுப்பினர் மகன் ஒருவன்தான் கை தூக்கினான். தன் பள்ளியில் லாக்டவுன் ஒத்திகை, அதாவது ஆபத்து வந்தால் வகுப்பறைக்குள் ஒளிந்துகொள்ளும் பயிற்சி, எப்படி நடக்கும் என்று சொன்னான். கதவைப் பூட்ட வேண்டும், விளக்கை அணைக்க வேண்டும், கதவுக் கண்ணாடி வழியே பார்த்தால் தெரியாத மூலையில் எல்லோரும் சுவரை ஒட்டி உட்கார வேண்டும், போன் சத்தம் வரக்கூடாது, வெளியே யார் தட்டினாலும் திறக்கக்கூடாது. ஐந்து வயதிலிருந்து செய்வதாகச் சொன்னான். சின்ன வகுப்பில் எலி விளையாட்டு என்று டீச்சர் சொல்லித் தருவாராம், எலி மாதிரிச் சத்தம் போடாமல் இருக்க வேண்டும். அவன் அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "இதெல்லாம் எங்கிட்ட நீ சொன்னதே இல்லையேடா" என்றார். "நீங்க கேக்கலையேம்மா" என்றான். அப்புறம் மற்றப் பிள்ளைகளும் பேச ஆரம்பித்தார்கள். க்ளப்ஹவுஸைப் பூட்ட வேண்டிய நேரம் தாண்டிய பிறகும் பேசினார்கள்.

அன்று பேசியதில் காரியத்துக்கு உதவுகிற சிலவற்றை இங்கே பதிவு செய்கிறேன். பிள்ளையை நண்பன் வீட்டில் இரவு தங்க அனுப்பும் முன் சாப்பாட்டு ஒவ்வாமையைப் பற்றி விசாரிக்கிறோம். "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா" என்று கேட்கத் தயங்குகிறோம். கேட்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை என்று இங்கே நெடுநாள் இருக்கும் உறுப்பினர்கள் சொன்னார்கள். சிறுவர் கைக்கு எட்டாதபடி துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்று கொலராடோவில் 2021இல் சட்டமே வந்திருக்கிறது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடியவரிடமிருந்து நீதிமன்ற உத்தரவு பெற்றுத் துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும் சட்டம் 2020 முதல் நடைமுறையில் உள்ளது. பெயர் சொல்லாமல் எச்சரிக்கை தரும் 'சேஃப்டுடெல்' வசதி பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, பெற்றோர் பலருக்குத் தெரியவில்லை. கொலம்பைனில் மகன் டேனியலை இழந்த டாம் மாசர், மகனின் காலணியையே போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பேசியதையும், துப்பாக்கிச் சந்தைகளில் வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும் என்ற, '22ஆம் திருத்தம்' எனப்பட்ட மாநில முன்மொழிவை 2000ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் இம்மாநில மக்கள் பெருவாரியாக ஆதரித்ததையும் சொன்னேன். நம்மில் குடியுரிமை பெற்று வாக்குரிமை உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மறுவாரம் லிட்டில்டன் க்ளெமென்ட் பூங்காவில் உள்ள கொலம்பைன் நினைவிடத்துக்குப் போவதாக அறிவித்திருந்தோம். மூன்று குடும்பங்கள் வந்தன. அவர்களுக்கு நன்றி.

இனி கணக்கு. வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன. கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். 'மாஸ்' படத்துக்குப் பொதுத் திரையிடல் உரிமம் வாங்கிய செலவு பற்றிக் கேள்வி எழுந்தது. ஓடிடியில் இருப்பதை அப்படியே போட்டுவிடலாமே என்றார்கள். வீட்டுச் சந்தாவை வைத்துப் பொது இடத்தில் படம் காட்டுவது சட்டப்படி தவறு. ஒரு சங்கம் அதைச் செய்யக்கூடாது. அந்தத் தொகைதான் கையிருப்பைக் குறைத்தது என்பதும் சரியல்ல. ஆண்டுச் சந்தா பாதிக்கு மேற்பட்ட குடும்பங்களிடமிருந்து இன்னும் வரவில்லை. பொங்கல் அன்று நாற்காலி போதாமல் நின்றவர்களில் பலர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். ஒரு குடும்பம் வெளியே ஒரு வேளை சாப்பிடும் செலவுதான் சந்தா. ஸெல் என்ற பணம் அனுப்பும் வசதி வழியாக இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடலாம். நினைவூட்டல் அனுப்பினால் குழுவிலிருந்து சிலர் விலகிவிடுகிறார்கள். இது வேதனையாக இருக்கிறது.

ஒலி அமைப்பைக் கவனித்த தம்பிக்கும், காபி போட்டுத் தந்த அக்காமார்களுக்கும், நாற்காலி அடுக்கிய இளைஞர்களுக்கும், க்ளப்ஹவுஸ் நிர்வாகத்துக்கும், ஆதரவு தந்த தலைவர் அவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கு இரண்டு படங்கள் மனதில் இருக்கின்றன. ஒன்று, 'இஃப் எனிதிங் ஹேப்பன்ஸ் ஐ லவ் யூ'. பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் மகளை இழந்த தாய் தகப்பனைப் பற்றிய 12 நிமிட அனிமேஷன் படம். 2021இல் ஆஸ்கர் வாங்கியது. வசனமே கிடையாது என்பதால் ஊரிலிருந்து வரும் பெரியவர்களும் பார்க்கலாம். இன்னொன்று, டெனி வில்நெவ் 2009இல் எடுத்த 'பாலிடெக்னிக்'. 1989 டிசம்பர் 6ஆம் தேதி மாண்ட்ரியல் பொறியியல் கல்லூரியில் 14 பெண்கள் கொல்லப்பட்டதையும் தப்பியவர்கள் அதற்குப் பிறகு வாழ்ந்ததையும் பற்றிய கறுப்பு வெள்ளைப் படம். இதைப் பெரியவர்களுக்கு மட்டும் காட்டலாம். முடிந்தால் பள்ளி மாவட்டத்தின் மனநல ஆலோசகர் ஒருவரையும் அழைக்க எண்ணம். செயற்குழுவின் ஒப்புதல் வேண்டும்.

வேறு யாராவது செயலாளர் பொறுப்பை ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். ஏப்ரல் திரையிடலைத் தொடர்ந்து நடத்த வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். யாரும் முன்வராவிட்டால் நானே தொடரவும் தயார். க்ளப்ஹவுஸ் வாடகை ஆகஸ்டு முதல் உயர்கிறது. முன்பணம் கட்ட ஜூலை 15 கடைசி நாள். நிலுவை வைத்திருப்பவர்கள் இன்று கிளம்பும் முன் பொருளாளரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். கதவருகே மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்