சபைப் பாடகர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

சேகர குரு ஐயா அவர்களுக்கும், சேகர மன்றத்தாருக்கும், சங்க உறுப்பினர்களுக்கும் கர்த்தரின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

போன வருடப் பொதுக்குழுவில் பெரியவர் ஒருவர் எழுந்து, "பாடகர் குழு பாடுது, சபை கேக்குது. இது ஆராதனையா, கச்சேரியா?" என்று கேட்டார். சிலருக்குக் கோபம் வந்தது. ஆனால் இந்த வருடம் சங்கம் செய்த முக்கிய வேலைகளெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கின.

முதலில் கீபோர்டின் சத்தத்தைக் குறைத்தோம். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பாட்டை மைக் இல்லாமல் பாடுவது என்று முடிவு செய்தோம். முதல் சில வாரம் முன் வரிசைகள் மட்டும்தான் பாடின. பின்னால் இருந்தவர்களுக்கு மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலைப் பாட்டுகள் ஓரளவு தெரியும். கீர்த்தனைகள்தான் மறந்து போயிருந்தன. கீர்த்தனைப் புத்தகத்தில் ராகமும் தாளமும் அச்சாகியிருந்தும், எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் பாடிப் பழகிவிட்டோம். அதனால் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை கோயிலிலேயே பயிற்சி வைத்தோம். ஸ்வரம் தெரிந்த அக்கா ஒருவர் ஆர்மோனியத்தோடு வந்து, அனுபல்லவியை எங்கே எடுக்க வேண்டும் என்பதிலிருந்து சொல்லிக் கொடுத்தார். பெண்கள் ஐக்கிய சங்கத்தார்தான் அதிகம் வந்தார்கள். வாலிபர்கள் டீயும் வடையும் வரும் நேரத்துக்குச் சரியாக வந்தார்கள். அப்புறம் உட்காரவும் செய்தார்கள்.

வேதநாயகம் சாஸ்திரியாரைப் பற்றி ஒரு மாலை பேச்சு ஏற்பாடு செய்தோம். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, தஞ்சாவூரில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர் என்பதால் நம் பக்கத்துக்காரர் என்ற பெருமை நமக்கு உண்டு. மிஷன் சபைகள் மேல்நாட்டு மெட்டுகளில் பாடிக்கொண்டிருந்த காலத்தில், கர்நாடக இசையிலும் குறவஞ்சியிலும் சுவிசேஷத்தைப் பாடியவர் அவர். பேச்சு முடிந்ததும் ஒரு கல்லூரி மாணவி, "சாதி வேற்றுமையை விடச் சொன்ன மிஷனரிகளை அவர் எதிர்த்தாரே, அதைச் சொல்லவில்லையே?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பேசிய ஐயா அதை மழுப்பாமல் ஒத்துக்கொண்டு, பாட்டை வாங்கிக்கொள்ளலாம், அந்த எண்ணத்தை வாங்க வேண்டியதில்லை என்றார்.

அடுத்த பேச்சு அந்தக் கேள்வியிலிருந்தே வந்தது; அது தியோபிலஸ் அப்பாவுவைப் பற்றியது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த அவர், நாட்டுப்புற மெட்டுகளிலேயே வழிபாட்டு முறைமை அமைத்தவர். அதைக் கேட்ட வாலிபர்கள் அறுப்பின் பண்டிகைக்குப் பறை வேண்டும் என்றார்கள். "சாவுக்கு அடிக்கிற மேளம் கோயிலுக்குள்ளா?" என்று எதிர்ப்பு வந்தது. பவனியில் வாசல் வரைக்கும் அடிக்கலாம் என்று சமரசம் ஆனது. வாசலோடு நிறுத்தியது எனக்குத் திருப்தியில்லை என்பதை இந்த அறிக்கையிலேயே பதிவு செய்கிறேன்.

திருவிருந்து ஆராதனையில் சமாதானம் கொடுப்பதும் திரும்பியது. உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்து, பீடத்திலிருந்து கடைசி வரிசை வரை கைமாறிப் போவது கேரளத்துச் சிரியன் சபைகளிலிருந்து தென்னிந்தியத் திருச்சபை எடுத்துக்கொண்ட வழக்கம். கொரோனாவுக்குப் பிறகு அது தூரத்தில் நின்று வைக்கிற கும்பிடாகச் சுருங்கிவிட்டது. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பங்கள் அடுத்தடுத்த பெஞ்சில் மாட்டிக்கொண்டது தற்செயல்தான். கையைக் கொடுத்தார்கள். பேச்சு இன்னும் தொடங்கவில்லை.

பிரதிஷ்டைப் பண்டிகையின் அசன விருந்தில் பரிமாறும் பொறுப்பு நம் சங்கத்துக்கு வந்தது. கறிக்குழம்பு நன்றாக இருந்தது என்று ஊரே சொன்னது. ஆனால் வாளியோடு வந்து வாங்கிப் போனவர்கள் அதிகம், பந்தியில் உட்கார்ந்தவர்கள் குறைவு. ஒரே பந்தியில் எல்லோரும் உட்காருவதற்காகத்தான் அசனம். அடுத்த முறை பந்தி முடிந்த பிறகே வாளி என்று சங்கம் தீர்மானம் போட்டிருக்கிறது. யார் கேட்பார்கள் என்பது வேறு விஷயம்.

வீட்டோடு இருக்கும் முதியவர்களை மாதக் கடைசி ஞாயிறு மாலையில் பார்த்துப் பாடி வந்தோம். பேரப்பிள்ளைகள் பெயரை மறந்த ஒரு பாட்டி, நாங்கள் தொடங்கிய கீர்த்தனையின் சரணங்களை வரிசை மாறாமல் பாடினார். நாங்கள்தான் புத்தகத்தைப் பார்த்தோம்.

திரையில் பாட்டு வரிகளைப் போடுவதில் எழுத்துப் பிழைகள் தொடர்கின்றன. யாராவது சனிக்கிழமையே பார்த்துக் கொடுத்தால் நல்லது. கிறிஸ்துமஸ் கீத பவனி வழக்கம்போல் நடந்தது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் தெருவுக்கு ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் வைக்கத் திட்டம். வீடு கொடுக்க விரும்புகிறவர்கள் இன்றைக்கே பெயர் கொடுக்கவும். அறுப்பின் பண்டிகைப் பறை பற்றிய தீர்மானம் இந்த அறிக்கைக்குப் பின் விவாதத்துக்கு எடுக்கப்படும்.

இப்படிக்கு,
செயலாளர்