பட்டுக்கோட்டை வண்டி கண்டக்டர் அண்ணனுக்கு

அண்ணே, வணக்கம்.

உங்கள் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். அதனால்தான் இப்படி ஊரறிய எழுத வேண்டியிருக்கிறது. 2018 கார்த்திகை, மார்கழியில் மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து அறந்தாங்கி, பேராவூரணி வழியாகப் பட்டுக்கோட்டை போகும் காலை வண்டியில் நீங்கள் கண்டக்டர். தோளில் பச்சைத் துண்டும் சட்டைப் பையில் நாலாக மடித்த காலண்டர் தாளுமாக ஒரு பெரியவர் தினமும் உங்கள் வண்டிப் படியருகே வந்து நிற்பாரே, அவருடைய மகள் நான். உங்களிடம் ஒரு நாள் கெஞ்சியவள், இன்னொரு நாள் சண்டைக்கு வந்தவள் என்றால் சட்டென்று ஞாபகம் வரும்.

கஜா புயல் அடித்தது நவம்பர் 16, வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பு. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி, மேற்கே கேரளா வரைக்கும் போனது. அது இலங்கை கொடுத்த பெயர், யானை என்று அர்த்தம் என்று டிவியில் சொன்னபோது அப்பா, "யானை புகுந்த தோட்டத்துலகூட பாதி மிஞ்சும்" என்றார். 1952 புயலின்போது அவருக்கு ஆறு வயசு. அதையும் இதையும் சேர்த்துப் பேசவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

எங்களுக்கு ஊரில் இரண்டு ஏக்கர், 140 தென்னை மரம். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்தான். ஊறிக் கிடந்த மண்ணில் முதலில் வடக்கேயிருந்து தள்ளிய காற்று, பிறகு தெற்கேயிருந்து திருப்பித் தள்ளியதாம். விடிந்து பார்த்தால் 11 மரம் நின்றது. வீட்டு ஓடு பாதிக்கு மேல் காணோம். மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் அறந்தாங்கியிலிருந்து பைக்கில், ரோட்டில் கிடந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி உள்ளே போய்ச் சேர்ந்தார். அம்மாவுக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண். இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க வழியில்லை. அதற்காகத்தான் அப்பா மதுரைக்கு வரச் சம்மதித்தார். "நாலு நாள்" என்றார். ஐம்பது நாளைத் தாண்டியது.

மதுரையில் எங்கள் வீடு வில்லாபுரத்தில், இரண்டாவது மாடி. குழாயைத் திறந்தால் தண்ணீர், சுவிட்சைத் தட்டினால் காற்று. அதெல்லாம் அப்பாவுக்கு ஏதோ தப்பாகப் பட்டது. நாங்கள் தூங்கியதும் எழுந்து ஃபேனை நிறுத்திவிட்டுப் படுப்பார். ஊரில் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்த நேரம் அது. செல்லுக்குக் காசு கொடுத்துச் சார்ஜ் போட்டார்கள், போட்டாலும் டவர் கிடைக்காது. சேதி வர வேறு வழியில்லாமல்தான் ஒரு நாள் ஷேர் ஆட்டோ பிடித்து உங்கள் வண்டியைத் தேடி வந்திருக்கிறார்.

அங்கே என்ன கேட்டார் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஊரில் மெயின் ரோட்டிலிருந்து அப்பா வீடு வரைக்கும் 14 மின்கம்பம். பஸ்ஸிலிருந்து பார்த்தால் முதல் ஐந்துதான் தெரியும். ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பம் சாய்ந்த புயலில், நீங்கள் இந்த ஐந்தில் எத்தனை திரும்ப நட்டாயிற்று என்று எண்ணிக்கொண்டு வந்து சொல்லியிருக்கிறீர்கள். மீதி ஒன்பதை அந்த நிறுத்தத்தில் ஏறுகிறவர்களிடம் விசாரித்திருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைப்பார். "கம்பம் 2." மறுநாளும் "2." அதற்கு மறுநாள், "2. கேரளா ஆளுங்க வந்துருக்காங்க." வேறொரு தாளில் வேறு கணக்கு இருந்தது. மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500 என்று அரசு அறிவித்ததைக் கேட்டு, 129 மரத்துக்குப் பெருக்கி 1,41,900 என்று போட்டு, அதன் கீழே கோடு கிழித்து, "25 வருசம்" என்று எழுதியிருந்தார்.

போகிற வழியில் இளநீர் வண்டியைப் பார்த்தால் நின்றுவிடுவார். எந்த ஊர்க் காய் என்று கேட்பார். பொள்ளாச்சி என்பார்கள். ஒரு காயைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டுத் திருப்பி வைப்பார், குடிக்க மாட்டார். (தென்னையையும் பிள்ளையையும் சேர்த்துச் சொல்கிற பழமொழியை யாரும் இங்கே ஞாபகப்படுத்த வேண்டாம். அந்த இரண்டு மாசத்தில் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது.)

மார்கழி பிறந்த வாரத்தில் பக்கத்து வீட்டு அத்தை எனக்குப் போன் பண்ணினார். கரண்ட் வந்துவிட்டது. நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மாவின் புண் அப்போதுதான் காயத் தொடங்கியிருந்தது. தார்ப்பாய்க்கு அடியில் இரண்டு பேரும் குளிரில் கிடப்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. மறுநாள் அப்பாவுக்கு முன்னால் நான் மாட்டுத்தாவணிக்கு வந்தேன். "பொங்கல் வரைக்கும் கரண்ட் வரலன்னே சொல்லுங்கண்ணே" என்று கேட்டேன். நீங்கள் சில்லறையை அடுக்கிக்கொண்டே, நிமிராமல், "சரிம்மா" என்றீர்கள்.

இரண்டு நாள் தாளில் "9" என்றே இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்த அப்பா பையை எடுத்து வேட்டியை மடிக்க ஆரம்பித்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவிடம் மட்டும், "நிக்கிற பதினொண்ணுல நாலு குருத்து விட்ருக்கு" என்றார்.

மறுநாள் நான் உங்களிடம் சத்தம் போட்டேன். வண்டியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். நீங்கள் சொன்னது இன்னும் அப்படியே இருக்கிறது: "டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சி எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியும்மா, தினம் பாக்குறேன். ரெண்டு நாளா ஐயா என்னை அப்படிப் பாக்குறாரு."

லீவு நாளில் அந்தக் கப்பி ரோட்டில் நடந்து உள்ளே போய், நிற்கிற மரங்களை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்து, செல்லில் படம் பிடித்துக்கொண்டு வந்ததை நீங்கள் அப்போதும் சொல்லவில்லை. அப்பா சொல்லித்தான் தெரியும். தலை திருகிய தென்னை உடனே சாகாது. நின்றுகொண்டே இருக்கும். ஒரு மாசம் கழித்துப் புதுக் குருத்து வந்தால்தான் அது மரம், இல்லாவிட்டால் வெறும் தூண். அப்பா காத்திருந்தது கம்பத்துக்கு மட்டுமில்லை.

எனக்குத் தெரியாத இன்னொன்றும் இருந்தது. விழுந்த மரத்தை அப்புறப்படுத்தாமல் மக்க விட்டால் காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டை வைக்கும். அதில் வளர்ந்த வண்டு, பிழைத்து நிற்கிற மரத்தின் குருத்தைத்தான் துளைக்கும். நான் அப்பாவைப் பத்திரமாக வைத்திருந்த ஒவ்வொரு நாளும் அங்கே 129 மரம் மக்கிக்கொண்டிருந்தது. "நீ நல்லதுக்குத்தான் சொன்ன" என்று அப்பா ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அப்புறமும் அம்மாவுக்காக இரண்டு வாரம் இருந்தார். பொங்கலுக்கு முந்தின வாரம் உங்கள் வண்டியில்தான் போனார்கள். நானும் ஏற்றிவிட வந்திருந்தேன். நீங்கள் அம்மாவுக்கு முன்சீட்டு பிடித்து வைத்திருந்தீர்கள், என்னிடம் "வாம்மா" என்றீர்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். உங்களுக்கு எந்த ஊர், புயலில் உங்கள் வீடு என்ன ஆனது என்று அந்த ஐம்பது நாளில் எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. இது எனக்கு உறைக்கவே இரண்டு வருஷம் ஆனது.

நாலில் ஒன்றை வண்டு தின்றுவிட்டது. மூன்று இருக்கிறது. 2019 ஆடியில் வைத்த கன்றுகளில் இப்போதுதான் பாளை வருகிறது, நெட்டை ரகம் அப்படித்தான். அம்மாவின் கால் ஊருக்குப் போனபிறகுதான் முழுசாக ஆறியது. ஏன் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

மாட்டுத்தாவணியில் உங்களைப் பலமுறை விசாரித்தேன். டெப்போ மாறிவிட்டார் என்றார்கள் சிலர், ரிட்டயர்டு என்றார்கள் சிலர். போன மாசம் அப்பாவின் பெட்டியைக் குடைந்தபோது அந்த நாள் டிக்கெட் கிடைத்தது. 500 ரூபாய் நோட்டுக்குச் சில்லறை இல்லாமல் பின்னால் பேனாவில் "மீதி 60" என்று எழுதியிருக்கிறீர்கள். இறங்குகிற அவசரத்தில் அப்பா வாங்கவில்லை. தூக்கிப் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். கையிலிருந்து பிடுங்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

"இருக்கட்டும். அந்தத் தம்பிய ஒரு நாள் பாத்து வாங்கிக்கிறேன்" என்கிறார்.