மெத்தைக்குப் பதில் புத்தகம்

மெத்தை நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மெத்தையின் நடுவில் விழுந்த குழியைப் பற்றிய என் புகார் எண்ணும் நான்கு மின்னஞ்சல்களும் உங்களிடம் இருக்கின்றன, அதனால் முதலிலிருந்து தொடங்கவில்லை. போன வாரம் கூரியரில் உங்கள் ஆண்டுவிழாப் புத்தகம் வந்தது. மெத்தை வரவில்லை.

புத்தகத்தைப் படித்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. டெக்சஸில் சீலி என்ற ஊரில் 1881-இல் டேனியல் ஹேன்ஸ் பஞ்சு மெத்தை செய்யத் தொடங்கியது, டன்லப் ரப்பர் நிறுவனத்தின் மர்ஃபி தன் மனைவி கேக்குக்கு மாவு கலக்கும் கருவியில் ரப்பர் பாலை நுரைக்க அடித்ததாகச் சொல்லும் கதை, எல்லாம் சுவை. அமெரிக்காவின் கெனோஷா ஊர் சால்மன் சிம்மன்ஸ் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. சீஸ் வைக்கும் மரப்பெட்டி செய்துகொண்டிருந்தவர், வரவேண்டிய கடனுக்குப் பதிலாகக் கம்பி வலை மெத்தையின் காப்புரிமையை வாங்கிக்கொண்டாராம். அவருக்காவது காப்புரிமை கிடைத்தது!

சரி, குழிக்கு வருவோம். 10 வருட வாரண்டி, மூன்றாம் வருடமே நடுவில் பள்ளம். உங்கள் ஆள் குறுக்கே நூல் பிடித்து, ஸ்கேல் வைத்துப் பார்த்தார். ஒன்றேகால் அங்குலம். ஒன்றரை இருந்தால்தான் மாற்றுவார்களாம். அம்மாவைப் படுக்கவைத்து அளந்து பாருங்கள் என்றேன். விதியில் அப்படி இல்லையாம்.

அம்மாவுக்கு 74 வயது. இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம். ஒருக்களித்து, கையை ஊன்றி எழச் சொல்லியிருக்கிறார் பிசியோதெரபிஸ்ட். ஊன்றிய கையும் குழிக்குள் போகிறது. ராத்திரியில் என்னை எழுப்ப மனமில்லாமல், ஆறு மணிக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. இந்த வெயிலில். அதை எந்த ஸ்கேலில் அளப்பீர்கள்? தயவுசெய்து மெத்தையை மாற்றிக் கொடுங்கள்.

முன்பெல்லாம் எங்கள் தெருவுக்கு பஞ்சு அடிக்கும் வில்லோடு ஒருவர் வருவார். கட்டிதட்டிய மெத்தையைப் பிரித்து, பஞ்சைத் திண்ணையில் கொட்டி அடித்து, பொழுது சாய்வதற்குள் தைத்துக் கொடுத்துவிடுவார். தெருவே தும்மும். அவரிடம் வாரண்டி அட்டையும் இல்லை, ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்’ என்று பாடும் பெண்குரலும் இல்லை. இப்போது மிக்சி வாங்கினாலும் மெத்தை வாங்கினாலும் பொருளைவிட விதிமுறைத் தாள்தான் கனமாக இருக்கிறது. மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன்.

மெத்தையை மாற்றித் தரும்படி மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதே அளவு, 72-க்கு 36. வண்டி வரும்போது உங்கள் புத்தகத்தையும் திருப்பித் தந்துவிடுகிறேன். இப்போதைக்கு அது மடித்த போர்வையோடு குழிக்கு அடியில் முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்