சபையாருக்கும் தெருவாருக்கும் ஒரு நன்றி மடல்

அன்புள்ள சபையாருக்கும், குடியாத்தத்தில் எங்கள் தெருவில் குடியிருப்போருக்கும் ஸ்தோத்திரமும் வணக்கமும்.

என் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தபோது உறவினர் எல்லாரும் வந்தார்கள், அழுதார்கள். இனி நடக்க மாட்டார் என்று மருத்துவர் சொன்ன பிறகு ஒவ்வொருவராகத் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள். கடன் கேட்டுவிடுவோம் என்ற பயம். கேட்டுத்தான் இருப்போம், அதுவும் உண்மை.

அந்த நாட்களில், வேதாகமத்தில் அப்போஸ்தலன் பவுல் சிறையிலிருந்து தன் சீடன் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரமே எனக்குத் துணை. எல்லாரும் தன்னைக் கைவிட்டார்கள் என்கிறார். அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமரக் கூடாது என்கிறார். அப்படி மன்னிக்க எனக்கு இன்னும் முழுதாக வரவில்லை. கர்த்தரோ துணையாக நின்றார் என்கிறார். அதே அதிகாரத்தில்தான், துரோவா பட்டணத்தில் விட்டுவந்த மேலங்கியை எடுத்து வா, மாரிகாலத்துக்கு முன் வந்து சேர் என்றும் கேட்கிறார். கர்த்தர் பக்கத்தில் நின்றும் அவருக்குக் குளிரத்தான் செய்தது. அப்போது உடனிருந்த ஒரே ஆள் லூக்கா, ஒரு வைத்தியர். "ஆண்டவர் போதும், மனிதரை எதிர்பார்க்காதே" என்று புத்தி சொன்னவர்களுக்கு இந்த வசனங்களைத்தான் எடுத்துக் காட்டினேன்.

வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையின் பாகாயம் மறுவாழ்வு மையத்தில் எங்களுக்குக் கற்பித்த அனைவருக்கும் நன்றி. டாக்டர் மேரி வர்கீஸின் கதையை அங்கேதான் கேட்டோம். 1954இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த பின், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தவர் அவர். என் வீட்டுக்காரர் அதைக் கேட்ட அன்றுதான் தானாகச் சாப்பிடத் தட்டைக் கேட்டார்.

வீடு திரும்பியதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். உணர்ச்சி இல்லாத உடம்பு; படுக்கைப்புண் வந்தாலும் அவருக்குத் தெரியாது. இரவில் நான் அசந்துவிடுவேனோ என்பதே என் பெரிய பயம். நோன்பு மாதம் முழுவதும், சஹருக்கு, அதாவது நோன்பு தொடங்குமுன் சாப்பிடும் விடியற்கால உணவுக்கு, எழும் நேரத்தில் எதிர்வீட்டு பாய் தன் மகனோடு வந்து அவரைப் புரட்டிவிட்டுப் போனார். நோன்பு முடிந்த பிறகும் அந்தத் தம்பி வருவதை நிறுத்தவில்லை. கர்த்தர் உண்மையுள்ளவர் என்று பாட்டில் பாடியிருக்கிறேன். அந்த வேளையில் கதவு தட்டும் சத்தத்தில் கேட்டேன்.

கைலித் தறி வைத்திருக்கும் முதலாளி, தார் சுற்றும் (ஊடை நூலைக் குழலில் சுற்றும்) வேலையை ராட்டையோடு வீட்டுக்கே அனுப்பினார். ஆட்டோக்காரத் தம்பி பரிசோதனை நாட்களில் மற்ற சவாரியை விட்டுவிட்டு எங்களோடு காத்திருந்தார். மருந்துக் கடையில் பெயர் சொல்லாமல் எங்கள் பாக்கியைக் கட்டியவர் யார் என்று கடைக்காரர் இன்னும் சொல்ல மறுக்கிறார். ஐயா, அல்லது அம்மா, உங்களுக்கும் நன்றி. ஆயர் ஐயா வந்து ஜெபித்தார்; ஜெபத்துக்கு முன் சாய்தளம் போட அளவெடுத்தார். அந்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது.

பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாருக்கு ஒரு விண்ணப்பம். நீங்கள் சோறு கொடுத்தனுப்பிய டிபன் கேரியர்கள் பல இன்னும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. மூடிகளும் கலந்துபோய்விட்டன. வரும் ஞாயிறு ஆராதனைக்கு எல்லாவற்றையும் கொண்டுவருகிறேன். அவரவருடையதைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.