படம் எடுப்பவர்களையும் கேளுங்கள்

ஐயா,

மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு என்றால் டாக்டர்களிடம் மட்டுமே கருத்துக் கேட்கிறார்கள். எக்ஸ்ரே அறையில் நிற்கும் எங்களையும் கேட்கலாம். வேலை போய்விடுமோ என்ற பயம் இல்லாமல் இல்லை. ஆனால் எங்களுக்குள் அதிகம் பேசிக்கொள்வது வேறு.

காசநோய்ப் பரிசோதனையில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் மார்பு எக்ஸ்ரேயை மென்பொருளே படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. எக்ஸ்ரேயைப் படித்துச் சொல்லும் டாக்டரான ரேடியாலஜிஸ்ட் இல்லாத ஊர்களுக்கு அது பெரிய உதவிதான். ஆனால் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னதும் இருமத் தொடங்கும் பெரியவரைத் தாங்கி நிறுத்தி, தோளை முன்னால் தள்ளி, படிக்கிற மாதிரி படம் எடுப்பது நாங்கள். என்றோ ஆறிப்போன காசநோய்த் தழும்பையும் மென்பொருள் சந்தேகப்படக்கூடும். "ஐயா, முன்னாடி மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா?" என்று அது கேட்காது.

தாய்லாந்து கிளினிக்குகளில் கூகுளின் கண் பரிசோதனை மென்பொருளை வைத்தபோது, வெளிச்சம் போதாத படங்களை அது தள்ளிவிட்டது, இணையமும் இழுத்தடித்தது. 2020இல் கூகுள் ஆய்வாளர்களே இதை எழுதினார்கள். காத்திருந்த நோயாளிகளைச் சமாளித்தவர்கள் நர்ஸ்கள்.

சரி, கருவி வரட்டும். வாங்கும் முன் முடிவெடுக்கும் குழுவில் ஒரு நர்ஸையும் ஒரு டெக்னீஷியனையும் சேர்க்கட்டும். மென்பொருள் கோட்டைவிட்டால் பொறுப்பு யாருக்கு என்பதையும் அரசு எழுத்தில் தரட்டும்.

எக்ஸ்ரே டெக்னீஷியன் ஒருவர்,
திருநெல்வேலி