அந்தத் தட்டு இப்போது காலி

அன்புள்ள மாலதிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத உட்கார்ந்தாலே டியூட்டிக்கு ஆள் வரவில்லை என்று போன் வந்துவிடும்.

என்னை நோயாளி பாதுகாப்புக் குழுவில் போட்டிருக்கிறார்கள். வார்டில் நடந்த தவறுகளைப் பற்றி எழுதி வரும் சம்பவ அறிக்கைகளைப் படித்து விசாரிக்கும் வேலை. நம் காலத்தில் அந்தப் படிவம் என்றாலே மெமோதான் என்று நடுங்குவோமே!

போன மாதம் ஒன்று வந்தது. நைட் டியூட்டி நர்ஸ் ஒருத்தி சலைன் என்று நினைத்துப் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் குப்பியை உடைத்துவிட்டாள். சிரிஞ்சில் ஏற்றும்போது லேபிளைப் பார்த்து நிறுத்தியிருக்கிறாள். நீர்க்காமல் நேராக நரம்பில் போயிருந்தால் இதயமே நின்றிருக்கும், உனக்குத் தெரியாததா. யாரும் பார்க்கவில்லை, நோயாளிக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவளாகவே எழுதிக் கொடுத்தாள்.

குழுவில் முதல் கேள்வியே, "யார் அது?" பெயரைச் சொல்ல மாட்டேன் என்றேன். அமெரிக்காவில் 1976 முதல் விமானிகள் தங்கள் தவறுகளைத் தெரிவிக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. தண்டிக்கும் அதிகாரமுள்ள துறையிடம் கொடுக்காமல், அதை நாசாவிடம் விட்டார்கள். பயமிருந்தால் யார் எழுதுவார்கள்?

பிறகு வார்டுக்கே போய்ப் பார்த்தோம். இரண்டு ஆம்பூலும் ஒரே அளவு, ஒரே தட்டு, பக்கத்துப் பக்கத்துப் பெட்டி. மேலே டியூப்லைட் வேறு எரியவில்லை. "எல்லோருக்கும் ஒரு வகுப்பு எடுத்துவிடலாம்" என்றார் ஒரு டாக்டர். எத்தனை வகுப்பு கேட்டிருப்போம், மாலதி! வகுப்பு முடிந்தாலும் ஆம்பூல் அங்கேயேதான் இருக்கும். அடர் பொட்டாசியத்தை வார்டில் வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே சொல்லிவிட்டது. ஒரு மணி நேரம் வாதாடி, அதை பார்மசிக்கு மாற்ற வைத்தேன். இப்போது நீர்த்த கரைசலாகத்தான் வார்டுக்கு வருகிறது. லைட்டைக் கேட்டால் இன்னும் ஃபைலில் இருக்கிறது.

நான் ஒருமுறை பக்கத்துப் படுக்கைக்காரரின் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, உன்னிடம் மட்டும் அழுதேனே. எழுதவில்லை. ஒரே பெயரில் இரண்டு பேர் அடுத்தடுத்த படுக்கையில் இருந்தார்கள் என்பது நம் இருவரோடு நின்றுபோயிற்று. அப்புறம் அங்கே வேறு யாருக்கு அது நடந்ததோ.

நேற்று அந்தப் பெண் காரிடாரில் என்னை நிறுத்தி, "மேடம், என் அறிக்கை என்னாச்சு?" என்றாள். கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காலித் தட்டைக் காட்டினேன். உங்கள் ஆஸ்பத்திரியில் எழுதினவர்களுக்குப் பதில் போகிறதா? விவரமாக எழுது.

அன்புடன்,
சாந்தி